இடுப்பு மூட்டு மாற்றமும் என்பு முறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நோயைத் தீர்க்க எழுந்த சிகிச்சை, அதுவரை உலகில் இல்லாதிருந்த வேறொரு துன்பத்தைத் தோற்றுவித்தல் மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்ச்சியன்று. எனினும், தோன்றிய காலத்தை இத்துணைத் தெளிவாகச் சுட்டிக் கூறத்தக்க துன்பங்கள் சிலவே. இடுப்பிற் பொருத்தப்பெற்ற செயற்கை மூட்டைச் சூழ்ந்து தொடையென்பு முறிதல் அத்தகைய ஒன்றாகும். மரத்திலிருந்து வீழ்ந்து மனிதர் என்பு முறிந்த கதை மனித குலத்தின் அளவுக்குப் பழையது. ஆனால், என்பின் குழலினுள்ளே உலோகத் தண்டொன்று நிற்க, அத்தண்டின் அருகே என்பு பிளத்தல் இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னர் நிகழ்ந்திருக்க இயலாது. அம்முறிவு எவ்வாறு தோன்றியது, அதன் காரணத்தை வைத்தியர் ஏன் நெடுங்காலம் பிழைபட உணர்ந்தனர், அதனை எண்ணிக் கணக்கிடுவதில் நேர்ந்த குறை யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதனுட் சுழலும் ஒரு குண்டுமாக அமைந்தது. குண்டாகிய தலை, ஒடுங்கிய கழுத்தொன்றினால் தொடையென்போடு இணைந்துள்ளது. தலையின் வழுவழுப்பான மேற்பரப்பு வாதத்தினாலோ காசநோயினாலோ அழியுமாயின், ஒவ்வோர் அடியும் வேதனையாகும். ஈற்றில் மூட்டு இறுகி அசைவற்றுப் போதலும் உண்டு. முதுமையிற் கழுத்து முறிந்து பொருந்தாது போவோர் இன்னொரு சாரார். இவ்விரு சாராருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை படுக்கையும் ஊன்றுகோலுமன்றி வேறு கதி இருக்கவில்லை.

1826 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிற் பணியாற்றிய ஜோன் றேயா பாட்டன் என்பார், இடுப்பு இறுகிப்போன மாலுமி ஒருவரின் தொடையென்பை வாளால் அறுத்து, அவ்விடத்திற் பொய்ம்மூட்டு ஒன்று உண்டாகும்படி செய்தார். மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது. அறுவை ஏழு நிமிடங்களில் முடிந்ததாம். மாலுமி நடந்தார், ஆயினும் சில ஆண்டுகளில் அம்மூட்டு மீண்டும் இறுகியது. அறுத்து விடுவது மாத்திரம் போதாது, இடையிலே ஏதேனும் ஒரு பொருளை வைத்தல் வேண்டும் என்ற எண்ணம் பின்வந்தோரிடையே வலுப்பெற்றது. தசையும் தோலும் பிற பொருள்களும் முறை முறையாகச் சோதிக்கப்பட்டன.

பேர்லின் நகரத்துத் தெமிஸ்தோகிளிஸ் குளுக் என்பவர் 1890 அளவில் ஒரு படி மேலே சென்றார். யானைத் தந்தத்தினால் மூட்டுகள் கடைந்து, அவற்றை நோயாளரின் என்பினுட் பொருத்தினார். பொருத்துதற்கு அவர் கையாண்ட பசை சாந்தும் நுரைக்கல்லும் குங்கிலியம் போன்ற பிசினும் கலந்த ஒரு கலவை. காசநோய் பற்றிய மூட்டுகளையே அவர் பெரும்பாலும் தெரிந்தெடுத்தமையால், கிருமித் தொற்று அவர் முயற்சியை அழித்தது. அவர்தம் ஆசிரியரான பெர்க்மனின் எதிர்ப்பும் சேர்ந்து, அம்முயற்சி மறக்கப்பட்டது. அதே பேர்லினில், 1892 இல், ஜூலியஸ் வொல்ப் என்பவர் என்பின் இயல்பு பற்றிய தம் நூலை வெளியிட்டார். சுமை தாங்கும் இடத்தில் என்பு தடிக்கும், சுமை நீங்கிய இடத்தில் மெலியும் என்பது அவர் கண்ட விதி. செயற்கை மூட்டின் பிற்கால இடர்களுக்கெல்லாம் திறவுகோலாகிய விதி இதுவே. குளுக்கின் தந்தமும் வொல்பின் விதியும் ஒரே நகரில் ஒரே காலத்தில் தோன்றியும், இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் தேவை அக்காலத்தில் எவருக்கும் எழவில்லை.

இருபதாம் நூற்றாண்டில், நோர்வேயிற் பிறந்து பொஸ்ரன் நகரில் வாழ்ந்த சிமித் பீற்றர்சன், 1923 இல் தொடையென்பின் தலைக்குக் கண்ணாடிக் கவிகை ஒன்றை அணிவித்தார். கண்ணாடி உடைந்தது. 1938 இல் விற்றாலியம் என்னும் கலப்புலோகத்தாற் கவிகை செய்து வெற்றி கண்டார். இக்கவிகைகள் என்பின் தலையை மூடினவேயன்றி அதன் உட்குழலைத் தீண்டவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. குழல் தீண்டப்படாத வரை, ஈண்டு ஆராயப்படும் முறிவுக்கும் இடமிருக்கவில்லை. பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் 1946 முதல் அக்கிறிலிக்குத் தலைகளைக் குறுந்தண்டுடன் பொருத்தினர். அவை தேய்ந்தும் உடைந்தும் போயின. பின்னர் அமெரிக்கரான ஒஸ்ரின் மூரும் பிறெடெரிக் தொம்சனும் அமைத்த உலோகத் தலைகளிலே, நீண்ட தண்டு தொடையென்பின் குழலினுள் நெடுந்தூரம் இறங்கிற்று. கழுத்து முறிந்த முதியோரை எழுந்து நடக்கச் செய்த பெருமை இத்தண்டுகளுக்கு உண்டு. அவற்றோடுதான் புதிய முறிவும் பிறந்தது.

1954 இல் ஹோவிற்ஸ், லெனோபெல் என்னும் இருவர், செயற்கைத் தலை பொருத்தப்பெற்ற 70 நோயாளரைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலே தண்டைச் சூழ்ந்த முறிவு ஒன்றும், அதனைக் கம்பியாற் கட்டிய முறையும் இடம்பெற்றன. இவ்வகை முறிவு பற்றிய முதற் குறிப்பாகப் பின்வந்த ஆசிரியர்கள் காட்டுவது இதனையே. பத்தாண்டுகள் கழித்து, 1964 இல், பரிஷ், ஜோன்ஸ் என்போர் ஒன்பது முறிவுகளைத் தனியே தொகுத்து ஒரு கட்டுரை வரைந்தனர். ஒன்பது என்னும் எண் சிறிது. ஆயினும், தற்செயலாய் நேர்ந்த விபத்து என்ற நிலையிலிருந்து ஒரு தனி நோய் என்ற நிலைக்கு இம்முறிவு உயர்ந்தது அக்கட்டுரையோடுதான் எனலாம்.

இனி ஜோன் சாண்லியின் பணியைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இங்கிலாந்தின் லங்காசயர் மாகாணத்தில், 1911 இல், பெரி என்னும் ஊரிற் பிறந்த சாண்லி, முன்னர்க் காசநோயாளருக்கென அமைந்திருந்த றைற்றிங்ரன் மருத்துவமனையில் இடுப்புச் சத்திரசிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவினார். ஜூடே சகோதரரின் அக்கிறிலிக்குத் தலை பொருத்தப்பட்ட ஒருவர் அசையுந்தோறும் மூட்டு கிறீச்சிட்டதாகவும், அவ்வொலியை அவர் மனைவி பொறுக்கமாட்டாது போனதாகவும் கேள்வியுற்றே, உராய்வு என்னும் பிரச்சினையிற் சாண்லியின் சிந்தை சென்றது. உராய்வைக் குறைக்க அவர் இரு வழிகளைக் கண்டார். ஒன்று, உருக்குத் தலையை 22 மில்லிமீற்றர் அளவுக்குச் சிறிதாக்குதல். மற்றையது, கிண்ணத்தை வழுக்கும் பிளாஸ்டிக்கினாற் செய்தல். தண்டை என்பினுள் நிலைநிறுத்துதற்குப் பல்வைத்தியர் கையாண்ட அக்கிறிலிக்குச் சிமெந்தை எடுத்துக்கொண்டார். சிமெந்து பசையன்று, தண்டுக்கும் என்புக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பி, சுமையை என்பின் உட்பரப்பு முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும் சாந்து அது என்பதை அவர் வற்புறுத்தினார்.

கிண்ணத்துக்கு அவர் முதலிற் கொண்ட பொருள் தெப்லோன். ஏறத்தாழ 300 பேருக்கு அதனைப் பொருத்தினார். இரண்டு மூன்று ஆண்டுகளுள் தெப்லோன் தேய்ந்து, அதன் துகள்கள் சூழவுள்ள இழையங்களைப் புண்படுத்தி என்பையும் அரித்தன. தாம் நடக்கவைத்த நோயாளரை ஒருவர் பின் ஒருவராகத் திரும்பவும் அறுக்கவேண்டிய நிலை சாண்லிக்கு வந்துற்றது. அதனைப் பிறர் தலையிற் சுமத்தாது தாமே செய்து முடித்தமை அவர் வரலாற்றில் மிக உயர்ந்த பகுதி எனல் பொருந்தும். 1962 இல், அவருடைய தொழிற்கூடத்திற் பணியாற்றிய ஹரி கிறேவன், விற்பனையாளர் ஒருவர் விட்டுச்சென்ற பொலிஎதிலீன் துண்டைத் தேய்வுப் பொறியில் இட்டுப் பார்க்க, அது தெப்லோனினும் பன்மடங்கு தாக்குப்பிடித்தது. சாண்லி தெப்லோனையும் பொலிஎதிலீனையும் தம் தொடையிலேயே புகுத்திப் பல மாதங்கள் காத்திருந்தார். தெப்லோன் இருந்த இடங்களிற் கட்டிகள் தோன்றின. பொலிஎதிலீன் இருந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அவ்வாண்டு நவம்பரில் புதிய கிண்ணம் நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. இன்றுவரை உலகெங்கும் நடைபெறும் இடுப்பு மாற்றத்தின் அடிப்படை இதுவே.

முறிவு பற்றியும் சாண்லி சிந்தியாது விடவில்லை. சிமெந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பு முறிந்தால் பொருந்துமா என்ற ஐயம் அக்காலத்தில் இருந்தது. 1966 இல் அவர் எழுதிய கட்டுரை, அத்தகைய முறிவுகளும் பொருந்துவனவே எனக் காட்டிற்று. அது நம்பிக்கை தந்த முடிபு. ஆனால் முறிவு ஏன் நேர்கின்றது என்னும் வினா எஞ்சி நின்றது.

அதற்கு விடை தச்சுத்தொழிலை அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். தொடையென்பு ஓரளவு வளைந்து கொடுக்கும் இயல்பினது. அதனுள் நிற்கும் உலோகத் தண்டோ வளையாதது. தண்டு நிற்கும் பகுதி விறைத்து நிற்க, தண்டின் நுனிக்குக் கீழுள்ள பகுதி வளைய முயல்கின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்திலே தகைப்பு முழுவதும் குவிகின்றது. ஆதலின் வீழ்ச்சியின்போது என்பு பெரும்பாலும் நுனியை அடுத்துப் பிளக்கின்றது. முன்னைய சத்திரசிகிச்சையில் திருகாணி இறக்கிய துளையோ, கருவி தவறிக் குத்திய ஓட்டையோ அவ்விடத்தில் இருப்பின் கேடு மிகும். அன்றியும், வொல்பின் விதிப்படி, சுமையைத் தண்டு ஏற்றுக்கொள்ளும் மேற்பகுதியில் என்பு நாளடைவில் மெலிகின்றது. இன்னும், ஒடுங்கிச் செல்லும் தண்டு மரத்தில் அறைந்த ஆப்பைப் போன்றது. திடீரெனக் கீழ்நோக்கி அழுத்தித் திருகினால் என்பை நெடுக்காகப் பிளக்கும். உலக்கையின் நுனி பிளவாதிருத்தற்குப் பூண் இடுவது போல, சத்திரசிகிச்சையின்போதே என்பைச் சுற்றிக் கம்பி கட்டும் வழக்கம் ஏற்பட்டது இக்காரணத்தாலேயே.

ஆயினும் இவற்றினும் கொடிய காரணம் ஒன்று மறைந்திருந்தது. பொலிஎதிலீன் தெப்லோனைப் போல விரைவில் தேயாதெனினும் தேயவே செய்தது. கண்ணுக்குப் புலனாகாத துகள்களை உடலின் விழுங்கு கலங்கள் விழுங்கி, அழிக்கமாட்டாது, என்பை அரிக்கும் பொருள்களைச் சுரந்தன. தண்டைச் சுற்றி என்பு கரைந்தது, தண்டு தளர்ந்தது. 1980 களில் இவ்வழிவைக் கண்டோர் சிமெந்தின்மேற் பழியைச் சுமத்தி, அதற்குச் 'சிமெந்து நோய்' என்றே பெயரிட்டனர். தெப்லோன் கிண்ணங்களிற் சாண்லி பட்ட பாடு துகளின் தீமையை இருபது ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்துக்காட்டியிருக்க, அப்படிப்பினை மறக்கப்பட்டமை வியப்பிற்குரியது. சிமெந்தைக் கைவிட்டு, என்பு தானே பற்றிக்கொள்ளுமாறு சொரசொரப்பாக்கிய தண்டுகளை இறுக அறைந்து பொருத்தும் முறை பரவிற்று. என்புக் கரைவு அங்கும் தொடர்ந்தது. எனவே குற்றவாளி சிமெந்தன்று, கிண்ணத்தின் துகளே என்பது தெளிவாயிற்று.

இதற்கிடையில் அறைந்து பொருத்தும் முறை முறிவுகளைப் பெருக்கிவிட்டது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையப் பதிவேட்டை ஆராய்ந்து பெறி என்பவர் 1999 இல் வெளியிட்ட எண்கள் இதனை நன்கு காட்டுகின்றன. முதன்முறை இடுப்பு மாற்றத்தின்போது மேசையிலேயே தொடையென்பு முறிந்தோர், சிமெந்து இட்டவருள் நூற்றுக்கு 0.3 வீதம், சிமெந்து இடாதவருள் நூற்றுக்கு 5.4 வீதம். சிகிச்சை முடிந்து பின்னர் முறிந்தோர் முதன்முறை மாற்றியவருள் நூற்றுக்கு 1 வீதமாகவும், மறுமுறை மாற்றியவருள் நூற்றுக்கு 4 வீதமாகவும் இருந்தனர். இளமையும் வலிய என்பும் உடையார்க்குச் சிமெந்தில்லாத் தண்டு ஏற்றதாகலாம். என்பு மெலிந்த முதிய பெண்களுக்கும் அதனையே பொருத்துதல் தேவைக்கு மாறாகப் புதுமைக்கு இடங்கொடுத்தலாகும்.

சிகிச்சையின் வரலாறு தயக்கம் நிறைந்தது. தொடக்கத்தில் நோயாளரைப் பல வாரங்கள் படுக்கையிற் கிடத்தி, காலிற் பாரந் தொங்கவிட்டு இழுத்து வைத்தனர். இளைஞர் பொறுக்கும் அப்படுக்கை முதியோருக்கு நுரையீரற் காய்ச்சலையும் படுக்கைப் புண்ணையும் கொண்டுவந்தது. 1978 இல் ஒக்டென், ரெண்டல் என்போர், மேற்பகுதியைப் பட்டிகளாலும் கீழ்ப்பகுதியைத் திருகாணிகளாலும் பிடிக்கும் உலோகத் தகட்டைக் கையாண்டனர். மேற்பகுதியில் தண்டு குழலை அடைத்து நிற்பதால் திருகாணி இறக்க இடமில்லை என்பதே அவ்வமைப்பின் காரணம். 1981 இல் ஜோகன்சன் முதலியோர் முறிவின் இடங்கொண்டு மூவகை வகுத்தனர். வேறு பலரும் தத்தமக்கேற்ற வகைகளை வகுத்தனர். ஆனால் இவ்வகுப்புகளிற் பெரும்பாலானவை முறிவின் கோடு எங்கே செல்கின்றது என்பதையே முதன்மையாக நோக்கின. கோட்டை வரைந்து காட்டுதல் எளிது; அக்கோடு வைத்தியர் செய்யவேண்டியதைக் கூறமாட்டாது.

கனடாவின் வங்கூவர் நகரத்து டங்கன், மஸ்ரி என்னும் இருவர் 1995 இல் அமைத்த வகுப்பு மூன்று வினாக்களை எழுப்பிற்று. முறிவு எங்கே? தண்டு உறுதியாக நிற்கின்றதா, தளர்ந்ததா? எஞ்சிய என்பு எத்தகையது? தண்டின் மேற்பகுதியில் உள்ள புடைப்புகளின் முறிவு முதல் வகை. தண்டைச் சூழ்ந்தோ அதன் நுனியை அடுத்தோ நேர்வது இரண்டாம் வகை. நுனிக்கு மிகக் கீழே நேர்வது மூன்றாம் வகை. இரண்டாம் வகையிலேதான் நுட்பம் உள்ளது. தண்டு உறுதியாயின் முறிவைத் தகட்டாலும் கம்பியாலும் கட்டினாற் போதும். தண்டு தளர்ந்திருப்பின் அதனைக் கழற்றி, முறிவைக் கடந்து நிற்கும் நீண்ட தண்டைப் பொருத்தல் வேண்டும். என்பும் அழிந்திருப்பின் பிறரிடமிருந்து பெற்ற என்பு ஒட்டோ, புற்றுநோயாளருக்கென அமைந்த பெருந்தண்டோ தேவையாகும். இவ்வகுப்பு உலகெங்கும் நிலைபெற்றமைக்கு அதன் எளிமையைக் காட்டிலும், தளர்ச்சி என்னும் மெய்யான வினாவை நடுவில் நிறுத்தியமையே காரணம்.

அவ்வினா எத்துணை முக்கியமானது என்பதைச் சுவீடன் நாடு காட்டிற்று. இடுப்பு மாற்றங்களை நாடு முழுவதற்குமாகப் பதியும் பதிவேடு அங்கு 1979 இல் தொடங்கியது. ஒரு வைத்தியர் தம் வாழ்நாளிற் காணும் முறிவுகள் சில. ஒரு நாட்டின் பதிவேடோ ஆயிரத்தைக் காணும். 1979 முதல் 2000 வரை பதிவான 1049 முறிவுகளை லிண்டால் முதலியோர் ஆராய்ந்தபோது இரு செய்திகள் வெளிவந்தன. பெரும்பாலானவை நின்ற நிலையில் வீழ்தல் போன்ற சிறு விபத்தினால் நேர்ந்தவை. அவ்வாறு வீழ்ந்தோர் பலரின் தண்டுகள் முறிவுக்கு முன்னரே தளர்ந்திருந்தன. அஃதாவது, வீழ்ச்சி ஈற்றுக் காரணமேயன்றி முதற் காரணமன்று. தளர்ச்சியை உரிய காலத்தில் எக்ஸ்கதிர்ப் படத்திற் கண்டிருந்தால், அம்முறிவுகளுள் ஒரு பகுதியேனும் தடுக்கப்பட்டிருக்கும். மற்றொன்று இதனினும் கவலைக்குரியது. தண்டு உறுதியாயுள்ளது எனக் கொண்டு தகட்டினால் மாத்திரம் கட்டப்பட்டோருள் பலர்க்குச் சிகிச்சை தோல்வியுற்றது. அவர்களுட் பலரின் தண்டு உண்மையில் தளர்ந்திருந்தும் அத்தளர்ச்சி உணரப்படவில்லை என்பதே ஆராய்ந்தோர் கூறிய காரணம். படத்தை மட்டும் நம்பாது, சத்திரசிகிச்சையின்போது தண்டை நேரே அசைத்துச் சோதித்தல் வேண்டும் என்ற அறிவுரை அதன்பின் வலுப்பெற்றது.

உயிர்ச்சேதமும் சிறிதன்று. 2007 இல் பட்டாச்சார்யா முதலியோர் இத்தகைய முறிவுற்ற 106 பேரை ஆராய்ந்தனர். ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 11 வீதம். முறிவின்றி மூட்டு மாற்றிக்கொண்டாருள் அவ்வீதம் 2.9 மட்டுமே, சாதாரண இடுப்பு முறிவுற்றாருள் 16.5. நோவினின்றும் விடுபட விரும்பித் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றவர்கள், பல ஆண்டுகள் கழித்து, இடுப்பு முறிந்த முதியோரின் நிலைக்கு அணித்தாக வந்து சேர்கின்றனர் என்பதை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன. அதே ஆண்டில், இடுப்பு மாற்றத்தை 'நூற்றாண்டின் சத்திரசிகிச்சை' எனப் போற்றிய கட்டுரை ஒன்று 'லான்செற்' இதழில் வந்தது. அப்புகழ்ச்சி தகாததன்று. இலட்சக் கணக்கானோர் வேதனையின்றி நடக்கின்றனர். ஆனால் அப்புகழ் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது ஆராயத்தக்கது.

பதிவேடுகள் தோல்வி எனக் கொண்டது, பொருத்திய மூட்டின் ஒரு பகுதியேனும் கழற்றி மாற்றப்படுவதையே. தண்டு உறுதியாய் நிற்க என்பு மாத்திரம் முறிந்து, அதனைத் தகட்டாற் கட்டினால், மூட்டின் எந்தப் பகுதியும் மாற்றப்படவில்லை. ஆதலின் அது பல பதிவேடுகளின் கணக்கில் ஏறவில்லை. படுக்கையிற் கிடப்பவருக்கு அது தோல்வியே. உற்பத்தியாளருக்கும் அட்டவணைக்கும் அது தோல்வியன்று. இக்குறையின் விளைவு தண்டுகளை ஒப்புநோக்குவதிற் புலப்பட்டது. இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் 1970 இல் முதன்முதற் பொருத்தப்பட்ட தண்டு, ஒப்பமிட்ட பளபளப்பும் ஒடுங்கிச் செல்லும் வடிவமும் உடையது. அது சிமெந்தினுட் சிறிதளவு கீழிறங்கி ஆப்புப்போல் இறுகும்படி அமைந்தது. தளர்ச்சியைத் தவிர்ப்பதில் அதன் சாதனை போற்றத்தக்கது. ஆயினும் ஆப்பின் குணமும் அதனை விட்டு நீங்கவில்லை.

சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இடுப்புப் பதிவேட்டை நாட்டின் பொது நோயாளர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, முன்னர் விடுபட்ட முறிவுகளையும் சேர்த்து 2019 இல் ஒரு முடிபை வெளியிட்டனர். தண்டைச் சூழ்ந்த இரண்டாம் வகை முறிவு, தொடையென்பின் இயற்கை வளைவுக்கேற்ப அமைந்த லூபினஸ் தண்டினைக் காட்டிலும் எக்செற்றர்த் தண்டினை உடையாருக்கு மிகுதி. நுனிக்கு மிகக் கீழே நேரும் மூன்றாம் வகையில் இரண்டிற்கும் வேறுபாடில்லை. அம்மூன்றாம் வகை முறிவுகளே, தகட்டாற் கட்டப்பட்டு, முன்னைய கணக்குகளில் மிகுதியாக விடுபட்டிருந்தவை.